துண்டு போட்டுப் பிடித்த விமானம்

பொங்கியண்ணன்: அதுல ஆளு வருதுங்க.

லட்சுமிநாராயணன்: ஆளெங்கே? துண்டாக்கும் கிடக்கு.

பொங்கியண்ணன்: துண்டு கெடந்தா ஆளு வருதுன்னுதானுங்களே அர்த்தம்.

லட்சுமிநாராயணன்: அது கொழிஞ்சாம்பாறை பஸ்ஸுல. இது விமானம், ஓய்.

பொங்கியண்ணன்: விமானமா இருந்தா என்னங்க? டிக்கெட்டுல சீட்டு நம்பரே போடலையே. முந்திப் புடிக்கறவங்களுக்குத்தான் எடம்னு கோயமுத்தூர் ஏர்போர்ட்டுல அந்தப் புள்ளையே சொல்லுச்சு. ஓடுனேன், புடிச்சேன்.

லட்சுமிநாராயணன்: ஏணிப்படியில என்னை இடிச்சுண்டு ஓடினது நீர்தானா?

பொங்கியண்ணன்: நீங்களுந்தான் ஓடுனீங்க. நான் சித்தெ முந்திட்டேன்.

லட்சுமிநாராயணன்: ஜன்னல் கிடைச்சா தேவலைன்னு பார்த்தேன்... யாருக்காக்கும் இது?

பொங்கியண்ணன்: எங்கூட்டுக்காரிக்குங்க. முட்டிவலி, மெல்ல வர்றா. மொதத் தடவையா பிளேன் ஏறுறா, மேல இருந்து கீழ பாக்கோணும்னு ஒரு ஆசை. நான் நடுவுல உக்காந்துக்கறேன், நீங்க இந்த ஓரத்துல உக்காருங்க சாமி.

லட்சுமிநாராயணன்: ம்... சாரமில்லை, பரவாயில்லை. எந்த ஊரு?

பொங்கியண்ணன்: நல்லேப்பிள்ளிங்க. நெல்லு, தென்னந்தோப்பு. நீங்க?

லட்சுமிநாராயணன்: கல்பாத்தி. பேங்க்ல இருந்து ரிட்டயர் ஆனவன். அந்தக் காலத்துல எங்க ஜெனரல் மேனேஜர் ஒருத்தர்தான் பிளேன்ல போவார். நாங்கெல்லாம் மாலையோட போய் வழியனுப்புவோம். இப்போ பாரும்... வேஷ்டியை மடிச்சுக் கட்டிண்டு நீர் ஓடறீர், பின்னாலேயே நான் ஓடறேன்.

பொங்கியண்ணன்: மாலை போடத்தான் ஆளில்லீங்க. தண்ணிக்குக்கூட காசு கேக்கறாங்க.

லட்சுமிநாராயணன்: அது இருக்கட்டும்... உம்ம குரலை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கே?

பொங்கியண்ணன்: எங்கூர்ல அல்லாத்துக்கும் இதே கொரலுதானுங்க. வா கமலா, இங்க, இங்க. தலைய இடிச்சுக்காத.

கமலாத்தாள்: ஏனுங்க, துண்டை எதுக்கு இங்க போட்டீங்க? அல்லாரும் பாத்துச் சிரிக்கறாங்க.

பொங்கியண்ணன்: சிரிக்கறவனுக்கெல்லாம் ஜன்னல் கெடைக்கல பாரு. உக்காரு.

கமலாத்தாள்: வாளையார்ல லாரிக்கூட்டத்துல நின்னப்பவே நெனச்சேன், இந்தப் பிளேனு நமக்கில்லைன்னு.

பொங்கியண்ணன்: அதான் வந்துட்டோமல்ல. பையக் குடு, மேல வெச்சர்றேன்.

கமலாத்தாள்: வேண்டாம். மடியிலயே இருக்கட்டும்.

லட்சுமிநாராயணன்: பம்பாய்க்கு என்ன விசேஷம், கவுண்டரே?

பொங்கியண்ணன்: தேங்கா யாவாரமுங்க. பையில சாம்பிளு.

கமலாத்தாள்: கூறைச்சேலைங்க.

லட்சுமிநாராயணன்: ...உங்க ஊர்ல தேங்காய்க்கெல்லாம் கல்யாணம் பண்ணி வைப்பேளோ?

பொங்கியண்ணன்: அவளுக்குப் பிளேன் பயமுங்க, என்னமோ பேசறா. நீங்க எதுக்குப் போறீங்க?

லட்சுமிநாராயணன்: நானா... ஒரு கண் டாக்டரைப் பார்க்க.

பொங்கியண்ணன்: கோயமுத்தூர்ல இல்லாத கண் டாக்டருங்களா?

லட்சுமிநாராயணன்: இவர் கொஞ்சம் ஸ்பெஷல்.

கமலாத்தாள்: அம்மா வரலீங்களா சாமி?

லட்சுமிநாராயணன்: ஆத்துக்காரி பட்டு முன்னாடியே போயாச்சு. ரயில்ல.

கமலாத்தாள்: தனியாவா?

லட்சுமிநாராயணன்: என்ன பண்றது... என்னோட பேச்சையே நிறுத்திட்டா. "நீங்க வரேளோ இல்லியோ, பெத்த பொண் கல்யாணத்துக்கு நான் போறேன்"னு...

பொங்கியண்ணன்: கண் டாக்டருன்னீங்க?

லட்சுமிநாராயணன்: தேங்காய்னீரே?

கமலாத்தாள்: இவிங்களும் அப்படித்தானுங்க சாமி. பையன் கண்ணாலத்தப் பத்தி வாயெடுத்தாலே எந்திரிச்சுத் தோப்புக்குப் போயிருவாங்க. அழுதுட்டேதான் நான் சோறாக்குனது. நேத்துப் பொழுதோட திடீர்னு வந்து, "பொட்டியக் கட்டு, வெடிஞ்சா பிளேனு"ன்னாங்க.

பொங்கியண்ணன்: கமலா, ஊட்டுப் பழமையெல்லாம் எதுக்கு...

கமலாத்தாள்: நாளைக்குக் காலைல ரிஜிஸ்டர் ஆபீசுல கண்ணாலமுங்க. இன்னிக்கு ரயிலேறுனா மாலை மாத்துன பொறவுதான் போய்ச் சேருவோம். இப்படி ஒரு பிளேனு இல்லீன்னா எம்பையன் மொகத்த... சரி, அது கெடக்குது. உங்க பொண்ணு பேரென்னங்க?

லட்சுமிநாராயணன்: ராஜஸ்ரீ.

கமலாத்தாள்: ...ஏனுங்க.

பொங்கியண்ணன்: கேட்டுச்சு.

லட்சுமிநாராயணன்: உங்க பையன்... சிவப்பிரகாஷா?

பொங்கியண்ணன்: ...ஆமாங்க.

லட்சுமிநாராயணன்: அதாக்கும் அந்தக் குரல். ஓணத்துக்கு மறுநாள் போன்ல கத்தின குரல்.

பொங்கியண்ணன்: நீங்க மட்டும் கொஞ்சுனீங்களா? சாணி மிதிக்கற குடும்பத்துக்கு எம்பொண்ணக் குடுக்க மாட்டேன்னு சொன்னது யாருங்க?

லட்சுமிநாராயணன்: நீர் என்ன சொன்னீர்? தயிர்சாதக்காரன் பொண் எங்க வாசப்படி மிதிக்கப்படாதுன்னு...

கமலாத்தாள்: மெல்லப் பேசுங்க. மின்னாடி இருக்கறவங்க திரும்பிப் பாக்கறாங்க.

பொங்கியண்ணன்: பாக்கட்டும். இவரு பக்கத்துல உக்காந்துட்டு பம்பாய் வரைக்கும் நான் வர மாட்டேன். எந்திரி கமலா. கதவு இன்னும் சாத்தல, எறங்கிக்கலாம்.

கமலாத்தாள்: நான் எந்திரிக்க மாட்டேன்.

பொங்கியண்ணன்: எந்திரிங்கறேன்.

கமலாத்தாள்: பெல்ட்டப் போட்டுட்டேன். கழட்டத் தெரியாது. தெரிஞ்சாலும் கழட்ட மாட்டேன். இத்தன வருசமும் நீங்க எந்திரின்னா எந்திரிச்சேன், உக்காருன்னா உக்காந்தேன். இன்னிக்கு முடியாது. எம்பையன் கண்ணாலத்துக்கு நான் போறேன். வேணும்னா நீங்க எறங்குங்க.

லட்சுமிநாராயணன்: கவுண்டரே, கோபத்துல இறங்கிடாதேயும். இது மலிவு டிக்கெட்டாக்கும். இறங்கினா காசு திரும்பி வராது.

பொங்கியண்ணன்: போனாப் போவுது. ஒரு ரூபா டிக்கெட்டுதானே?

லட்சுமிநாராயணன்: ...என்ன சொன்னீர்?

பொங்கியண்ணன்: ஒண்ணுமில்லீங்க.

லட்சுமிநாராயணன்: ஒரு ரூபாயா? நேத்திக்கு எடுத்த டிக்கெட்டா?

கமலாத்தாள்: நேத்துத்தானுங்க முடிவு பண்ணுனாங்க.

லட்சுமிநாராயணன்: நேத்திக்கு எடுத்தா ஒரு பசுமாட்டை வித்த காசு வேணும், அம்மா. ஒரு ரூபாய் ஆஃபர் ஆடி மாசம் வந்தது. வந்த வேகத்துல தீர்ந்தும் போச்சு. அப்போ எடுத்தவாளுக்கு மட்டுமாக்கும் இந்த விலை.

கமலாத்தாள்: ஆடியிலயா... ஏனுங்க, ஆடியிலயே எடுத்துட்டீங்களா?

பொங்கியண்ணன்: ஜன்னல்ல பாரு கமலா, ஒரு பிளேனு எறங்குது...

கமலாத்தாள்: ஜன்னல் கெடக்குது. என்னையப் பாருங்க. ஆடியிலிருந்து கார்த்திகை வரைக்கும் நான் அழுதனே. அப்பவெல்லாம் டிக்கெட்டு ஊட்டுலயே இருந்துச்சா?

பொங்கியண்ணன்: ...பசங்கதான் ஆனியிலயே தேதியச் சொல்லிப்போட்டாங்களே. உரம் வாங்கச் சித்தூர் போயிருந்தேன். அங்க ஒரு கம்ப்யூட்டர் கடை முன்னால ஒரே கூட்டம், ஒரு ரூபாய்க்குப் பிளேனுன்னாங்க. நானும் வரிசையில நின்னுட்டேன். மனசு மாறுச்சுன்னா போலாம், மாறலைன்னா வரியச் சேத்தாலும் பெரிய நட்டமில்லைன்னு...

கமலாத்தாள்: அத எங்கிட்டச் சொல்றதுக்கென்ன?

பொங்கியண்ணன்: எப்படிச் சொல்றது? சொந்தபந்தம் அத்தன பேர்த்துக்கிட்டயும் நான் அந்தக் கண்ணாலத்துக்குப் போவ மாட்டேன்னு சொல்லிப்போட்டேன். என்னிக்காச்சும் கோவம் முழுசா எறங்கும், அன்னிக்குச் சொல்லிக்கலாம்னு பாத்துட்டே இருந்தேன். எறங்கல. தேதிதான் வந்துச்சு.

கமலாத்தாள்: கெடக்குது உடுங்க, அந்தக் கோவத்தோடவே வாங்க. உங்களப் பாத்தாப் போதும் அவனுக்கு. ...ஏனுங்க, அழுவறீங்களா?

பொங்கியண்ணன்: காத்து. மேல ஓட்டையிலிருந்து காத்தடிக்குது பாரு, அது கண்ணுல படுது.

லட்சுமிநாராயணன்: அப்போ ஓணத்துக்கு மறுநாள் போன்ல என்னைப் பொரிச்செடுத்தீரே... அன்னிக்கும் டிக்கெட்டு உம்ம கையில இருந்ததா?

பொங்கியண்ணன்: பீரோவுல இருந்துச்சுங்க. ...அதுசரி சாமி. ஆஃபரு ஆடியில வந்துச்சு, வந்த வேகத்துல தீந்துச்சு... இத்தன வெவரம் உங்களுக்கெப்படித் தெரியும்?

லட்சுமிநாராயணன்: பேங்க்ல இருந்தவனுக்கு இதெல்லாம் தெரியாதா...

கமலாத்தாள்: கதவு சாத்தறாங்க சாமி. இனி ஆரும் எறங்க முடியாது. சொல்லிப்போடுங்க.

லட்சுமிநாராயணன்: ...ஒலவக்கோட்டுல வரிசையில நின்னேன். பட்டுக்கும் சேர்த்து ரெண்டு டிக்கெட்டாக்கும் எடுத்தேன். அவகிட்ட சொல்ல வாய் வரலை, அவ ரயிலேறிப் போயிட்டா. நான் போன்ல உம்மைத் திட்டினேனே... அப்போ அந்த ரெண்டு டிக்கெட்டும் என் சட்டை ஜோப்பிலேயே இருந்தது, சம்பந்தி.