மிஞ்சிய சோழி

— இன்னொரு தடவ வைம்மா, ஸ்வர்ணலதா. எலைக்கு ஒரு சோழி.

— வச்சுட்டேன் மாமா. உங்களுக்கு, அத்தைக்கு, அவருக்கு, எனக்கு, குழந்தைக்கு. ஒண்ணு மிஞ்சுது.

— நம்ம வீட்டுல தலைய எண்ணுத பழக்கம் கிடையாது. ஆளுக்கு ஒரு சோழி. சாமிக்குப் படைக்கிற அன்னைக்கு எலைக்கு நேரா வச்சுச் சரிபாப்போம். எங்க தாத்தா காலத்துல இருந்து ஒரு நாளும் மிஞ்சினதில்ல. சோழிப் பெட்டியில யாரு கூட ஒண்ணு போட்டா?

— எனக்குத் தெரியாது மாமா.

— பாண்டி பஜார்ல மணிமொழிகூட நின்னு பேசியிருக்க. நம்ம நகைக்கடை ஆளு பாத்துட்டு வந்து சொன்னான்.

— பேசினேன். எனக்கு நாத்தனார். மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போக முடியுமா?

— அவ எம் மக இல்ல. எங்களக் கேக்காம எவனையோ கட்டிக்கிட்டுப் போன அன்னைக்கே அவ சோழியப் பெசன்ட் நகர் கடல்ல வீசிட்டேன். நீ அவளுக்குப் புதுசா ஒண்ணு போட்டிருக்க. மரியாதையா ஒத்துக்க.

— ஒண்ணு சொல்றேன், கோவப்படாதீங்க. எண்ணுக்குப் பேரே இல்லாத காலத்துல மனுஷன் ஆட்டுக்கு ஒரு கல் வச்சான். சாயங்காலம் கல் மிஞ்சினா கல்லைச் சந்தேகப்படல. வராத ஆட்டைத் தேடிப் போனான்.

— அடையாறு காலேஜ்ல எடுக்குத பாடத்த எங்கிட்டயும் எடுக்கியோ? பேச்சி, அடுப்படியில நின்னு கேட்டுட்டுத்தான இருக்க? இவகிட்ட நீயே கேளு.

— அவள விடுங்க. போட்டது நான்.

— நீயா? அந்த ஓடுகாலிக்கா?

— எனக்கு. மயிலாப்பூர் மாடவீதியில வாங்கினேன்.

— உனக்குத்தான் எங்கம்மா போட்டது கெடக்கே. கல்யாணமாகி வந்த அன்னைக்கே போட்டாளே.

— அது இப்ப இல்ல. ‘அவ சோழிய எடுத்துக் குடு’ன்னு அன்னைக்குக் கைய நீட்டினீங்க. எதை எடுத்துக் குடுத்தேன்னு பாக்கல.

— பாக்க என்ன இருக்கு? எல்லாம் ஒண்ணுபோலத்தான இருக்கு.

— உங்களுக்கு. சின்னப்புள்ளையில மணி கீழ போட்டு விளிம்பு ஒடைச்சாளே, அது இந்தா இருக்கு. இன்னைக்கு அவ சாப்பிட வாரா, அவ எலைக்கு வேணும். நீங்க கடல்ல வீசினது என்னோடது.