ஸ்டிக்கர் கிழிந்தால் உத்தரவாதம் இல்லை

— அந்த ஸ்டிக்கரைக் கிழியாதேங்கோ. கிழிச்சால் உத்தரவாதம் இல்லையெண்டு கடைக்காரன் அதிலையே அடிச்சிருக்கிறான்.

— கடை கொழும்பிலை, யசிந்தா. கொம்பியூட்டரை ஆர் கடலாலை காவிக்கொண்டு போறது? குறட்டைத் தாரும்.

— பழுதாய்ப் போனால்? என்ரை ஆராய்ச்சி முழுக்க இதுக்கைதான் கிடக்கு.

— மண்ணெண்ணெய் ஒரு போத்தில்தான். கொம்பியூட்டரை இந்த வேகத்திலையே ஓட விட்டால் கணக்கு முடிய முதல் ஜெனரேற்றர் நிண்டிடும். கிணத்து உப்புக் கணக்கு இல்லாமல் நோர்வேயிலை போய் என்னத்தைக் காட்டப்போறீர்?

— முடிவு இல்லாட்டில் இடமும் இல்லையாம். புருசனையும் கூட்டிக்கொண்டு வரலாமெண்டு எழுதினவங்கள்தான் அதையும் எழுதினவங்கள். இண்டைக்கு விட்டால் குடாநாட்டை விட்டு வெளிக்கிட இயக்கத்திட்டை நீங்கள் எடுத்த பாஸும் காலாவதி. சரி, கிழியுங்கோ.

— இப்ப இருவத்தஞ்சு மெகாஹேட்ஸிலை ஓடுது. வேகத்தைக் குறிக்கிற இந்தச் சின்னக் கொழுவியை இடம் மாத்தினால் நாப்பது.

— ஒரேயடியா நாப்பதோ? சிப் எரிஞ்சிடும்.

— பழைய அம்பிளிபயரிலை கழட்டின அலுமினியத் தகட்டைச் சூடு இழுக்க மேலை வைச்சுக் கட்டியிருக்கிறன். முதல் விடை தெரிஞ்ச கணக்கொண்டைப் போட்டுப் பாரும். உடுவில் கிணறு.

— விடை பிழைக்குது. உப்பு பூச்சியத்துக்குக் கீழை எண்டு காட்டுது.

— நிப்பாட்டும்.

— எரிஞ்சால்கூடத் தெரியும். இது எரியாமலே பொய் சொல்லுது. இதுக்குத்தான் நான் பயந்தனான்.

— என்ரை அவசரம். முப்பத்துமூண்டுக்கு இறக்கிறன். இப்ப பாரும்.

— சரியா வருது. பழைய விடைதான்.

— நம்பாதையும். திரும்பத் திரும்பப் போடும்.

— ஒருக்காலும் பிழைக்கேல்லை.

— அப்ப பெரிய கணக்கைத் தொடங்கும். நான் விசிறுறன்.

— எவ்வளவு நேரமா விசிறுறியள். கை நோகேல்லையோ? இஞ்சை தாங்கோ.

— நீர் திரையைப் பாரும். தகட்டிலை இன்னும் விரல் வைக்கலாம்.

— ஜெனரேற்றர் இழுக்குது. சத்தம் மாறிப்போச்சு.

— கேக்குது. கதையாமல் இரும்.

— முடிஞ்சுது. இஞ்சேருங்கோ, முடிஞ்சுது.

— அணைய முதல் பிளொப்பியிலை ரெண்டு பிரதி எடும். கெதியா.

— எடுத்தாச்சு. வான்காரனும் வாசல்லை வந்து ஹோண் அடிக்கிறான். உங்கடை சேட்டுகளை என்ரை பெட்டிக்கைதான் வைச்சிருக்கிறன். முகத்தைக் கழுவிக்கொண்டு வாங்கோ.

— சேட்டுகளை எடுத்து வெளியிலை வையும்.

— ஏன்?

— பாஸ் உமக்கு மட்டுந்தான், யசிந்தா. நீர் திரும்பி வருவீர் எண்டதுக்கு ஒராள் இஞ்சை பிணை நிக்கவேணுமாம். நான் கையெழுத்து வைச்சிட்டன்.