தலைவர் நாற்காலியில் ஒரு பந்தி

இந்த அவைக்குத் தலைமையேற்று, தம் கையாலேயே செய்த நாற்காலியில் கம்பீரமாக வீற்றிருக்கும் தச்சர் சங்கத் தலைவரும், எனக்குப் பெண் கொடுத்த பெருந்தகையுமான மாமா அவர்களே, உளி பிடித்து உரமேறிய கரங்களுக்குரிய பெரியோர்களே, அந்தக் கரங்களை வீட்டில் அடக்கி ஆளும் தாய்மார்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

உறுப்பினர் எல்லோருக்கும் நுண்செவி பொருத்தலாமா என்று முடிவெடுக்கக் கூடியிருக்கிறோம். மூன்று மாதத்துக்கு முன் என் காதுக்குள் அரிசி அளவில் அந்தக் கருவியை வைத்தார்கள். அன்று முதல் நான் கேட்பதென்ன? எறும்பின் நடை கேட்கிறேன், சிலந்தியின் சினம் கேட்கிறேன், மரத்துக்குள் கறையான் மெல்லும் மெல்லொலி கேட்கிறேன். என்ன தாயே, "பொண்டாட்டி சொன்னா கேக்குதா"வா? அதற்கு இன்னும் கருவி வரவில்லை, தாயே.

மாமா நம்பவில்லை. "மாப்ள, கறையான் மரத்துல இல்ல, உங்க மூளையிலதான் இருக்கு" என்றார். சிரியுங்கள். ஆனால் நான் பேசத் தொடங்கியது முதல் ஒரு சத்தம் கேட்கிறது. தலைவர் நாற்காலியின் இடது பின்னங்காலில் பந்தி நடக்கிறது.

மாமா, எழுந்திருங்கள். மாட்டாராம். "நான் செஞ்ச நாற்காலிய எந்தக் கறையானும் தொடாது" என்கிறார். தொடவில்லை மாமா, தின்கிறது.

இப்போது கைதட்டினீர்களே, உடனே மெல்வது நின்றது. பிறகு டக் டக் என்றொரு ஓசை. ஆபத்து என்று உறவுகளுக்குச் சொல்லக் காவல் கறையான் மரத்தில் தன் தலையை மோதுகிறது. கடுகளவுத் தலை. அதற்கு இருக்கும் பாசம் எனக்கு இருக்காதா? நானும் என் மாமனாருக்காகத் தலையை மோதிக்கொண்டுதானே நிற்கிறேன்?

ஆகவே இந்த இருக்கையைக் காக்க வேண்டியது உங்கள் இரு கை. தட்டுங்கள். என் புகழுக்காகக் கேட்கவில்லை, மாமாவின் இடுப்புக்காகக் கேட்கிறேன். நிறுத்தாதீர்கள். யாரங்கே தட்டாமல் மூக்கைச் சொறிவது? போச்சு, மறுபடி மெல்கிறது. மாமா, உங்கள் மகள் முதல் வரிசையில் அழுகிறாள். அவளுக்காகவாவது எழுந்திருங்கள்.

எழுந்தார். அவையோரே, எழுந்தார்.

கேட்டீர்களா? இந்தச் சத்தத்துக்கு நுண்செவி தேவையில்லை. நாற்காலி முக்காலியாயிற்று.

நுண்செவி வேண்டும் என்போர் கை உயர்த்துங்கள். முதல் கை மாமாவுடையதா? "ரெண்டு காதுலயும் வைக்கச் சொல்லுங்க மாப்ள" என்கிறார்.

தட்டிக் காத்த உங்களுக்கும், தலைமோதிச் சொன்ன அந்தச் சிற்றுயிருக்கும் நன்றி, வணக்கம். பேசி முடித்தவர் அமர்வதுதான் மேடை மரபு. ஆனால் என் நாற்காலியும் மாமா செய்ததுதான். ஆகவே அமராமல் விடைபெறுகிறேன்.