சாகக் கிடக்கும் ராசா

லண்டனில் டூட்டிங் போகும் ரயிலில், ஓவியக்கூடக் காவலாளியின் சீருடையில் இருந்தவர் பக்கத்துப் பெண்ணிடம் சொன்னார்:

“பதினொரு வருசமா அந்தாள் சாகக் கிடக்குது, தங்கச்சி. இண்டையோட விட்டிட்டு வந்திட்டன்.”

“ஐயோ, ஆர் அண்ணை? சொந்தமோ?”

“படத்தில இருக்கிற பழைய கிரேக்க ராசா. போரில காயம். சுத்திவர எல்லாரும் அழுதுகொண்டு நிக்கினம். நான்தான் அந்த அறைக்குக் காவல். நாளையில இருந்து பழக்கூடை கீறின படங்களுக்கு மாத்திப்போட்டாங்கள்.”

“ராசாவிட்ட ‘போயிட்டு வாறன்’ எண்டு சொன்னனீங்களோ?”

“செத்த வீட்டில அப்பிடிச் சொல்லக்கூடாதெல்லோ!”

அவள் சிரிக்கவே இல்லை.

“அவர் இன்னும் சாகேல்லையே அண்ணை!”

“அப்ப நாளைக்கு முதல்ல ராசாவிட்டப் போகவேணும்,” என்றார் அவர். பிறகு கைப்பேசியை எடுத்து, காலை அலாரத்தை ஆறரையிலிருந்து ஆறுக்கு மாற்றினார்.