தொண்ணூற்றொன்பது

தோற்றவன் தன் கணினியைக் குறை சொல்வதை நிறுத்தும் நாளில்தான் மனித குலம் முன்னேறத் தொடங்கும். இது என் கொள்கை. கேன்டீனில், நூலகத்தில், பேருந்தில் எல்லாம் இதைச் சொல்லியிருக்கிறேன். யாரும் கேட்காத இடங்களில் கொஞ்சம் விரிவாகவே சொல்லியிருக்கிறேன். "மெஷின் திக்கிடுச்சுடா, அதான் தோத்தேன்" என்று மூக்கால் அழுதுகொண்டு வருபவர்களை நான் மதிப்பதில்லை. அவர்களுடைய மெஷினை மட்டும் சரிசெய்து அனுப்பிவிடுவேன்.

கேப்டன் அக்கா, கல்லூரிக் கணினி விளையாட்டு அணிக்கான தேர்வுப் போட்டியில் நடந்ததை எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன். என் திறமையிலிருந்து தொடங்குவதுதான் முறை.

கல்லூரியில் எனக்குத் 'திக்கல் டாக்டர்' என்று பெயர். கார்ப் பந்தய விளையாட்டில் வண்டி நேர்ச்சாலையில் வழுக்கிக்கொண்டு போகும். வளைவு வந்ததும் படம் சற்று நின்று, பிறகு எங்கோ குதிக்கும். அதற்குள் வண்டி சுவரில் இருக்கும். இதுதான் திக்கல். பெரும்பாலும் ப்ராசஸர் பார்க்கிற வேலை. மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறேன் பேர்வழி என்று கண்ணயர்ந்துவிடும். வளைவில் எல்லா வண்டியும் புகையும் சேர்ந்து வரும்போது திடுக்கிட்டு எழும். பவர் செட்டிங்கில் போய் அதைத் தூங்கவிடாமல் செய்ய வேண்டும். அங்கேயே 'அதிகபட்சம்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் நூறு இருந்தால், நெருக்கடியில் ப்ராசஸர் தன் வழக்கமான வேகத்தைத் தாண்டி ஒரு பாய்ச்சல் பாயும். தொண்ணூற்றொன்பது என்று போட்டால் அந்தப் பாய்ச்சலே கிடையாது. ஒன்றுதானே குறைத்தோம் என்று நாம் நினைப்போம். அது கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். இந்த விவரம் அநேகம் பேருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். இதை ஒரு தகுதியாகவே இங்கே குறிப்பிடுகிறேன்.

நான் ஓட்டிக் கழித்த பழைய கணினி என் தங்கச்சியிடம் இருக்கிறது. ஒருநாள், "அண்ணா, வளைவுல தடக் தடக்குனு நிக்குதுண்ணா" என்றாள். சரிசெய்து கொடுத்தேன். அன்றிலிருந்து அவள் என்னை ஜெயிக்கத் தொடங்கினாள். நோயாளி எழுந்து ஓடும்போது டாக்டருக்கு ஒரு மகிழ்ச்சி வருமாமே, அதை எதிர்பார்த்துக் காத்திருந்தேன். வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அணியில் கடைசியாக ஓர் இடம் இருக்கிறது, அதற்கு அண்ணனும் தங்கையும் மோதட்டும் என்று நீங்கள் அறிவித்தீர்கள். அவள் மேசையில் ஸ்டீயரிங்கை முடுக்கிவைத்துவிட்டுச் சாப்பிடக்கூட எழாமல் ஓட்டினாள். கல்லூரியில் சேர்ந்ததிலிருந்து அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, 'டாக்டர் தங்கச்சி'தான். "டீம் சட்டையில முதுகுல என் பேரு இருக்கும்ல? அப்ப என்ன பண்ணுவாங்க?" என்றாள். அம்மாவுக்கு வேறு கவலை. "ஒரே வீட்ல ஆளுக்கொரு ரூம்ல உக்காந்து எதுக்குடா சண்டை? ஹாலுக்கு வந்து நேராவே போட்டுக்கோங்க, நானும் பாக்கறேன்."

போட்டியன்று காலை தங்கச்சி என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, ஒருவாட்டி பாத்துடேன். நீ கை வச்சாதான் எனக்கு நிம்மதி."

பார்த்தேன். அறை வெக்கையாக இருந்தது. கணினி சூடாகிவிடுமோ என்று எனக்குக் கவலை வந்தது. அந்த அக்கறையில் ஓர் எண்ணை மாற்றினேன். ஒரே ஓர் எண்.

நான் ஜெயித்தேன். கடைசி வளைவுவரை அவள்தான் முன்னால் போனாள்; அங்கே சுவரில் மோதினாள்.

அவள் அழவில்லை. "நடுநடுவுல நின்ன மாதிரி இருந்துச்சு. ஆனா நீ பாத்த மெஷின் நிக்காதுண்ணா. என் கைதான் சரியில்ல" என்றாள். என் கொள்கையை இத்தனை சுத்தமாகக் கடைப்பிடித்தவர் இதுவரை யாரும் இல்லை. பிறகு ஸ்டீயரிங்கைக் கழற்றி, ஒயரைச் சுருட்டி, பெட்டியில் வைத்து என்னிடம் நீட்டினாள். "எனக்கு எதுக்கு இனிமே? டீம்ல உனக்குத்தான் வேணும்." வாங்கிக்கொண்டேன். என்னுடையதைவிட நல்ல ஸ்டீயரிங்.

இது இப்படியே முடிந்திருக்கும். நீங்கள் போட்டியின் பதிவைத் திரும்பப் போட்டுப் பார்த்தீர்கள். "எல்லா வளைவுலயும் ஒரே மாதிரி நிக்குது. கை இப்படித் தப்பு பண்ணாதுடா. அவ மெஷின்ல நீ என்ன பண்ணுன?" என்று கேட்டீர்கள். அப்டேட் வந்து ஏதாவது மாறியிருக்கும் என்றேன். "அப்டேட்டுக்கு உன் தங்கச்சி மேல என்னடா கோவம்?" என்றீர்கள். நியாயமான கேள்வி.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். மாற்றியது நான். சூட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அவள் கணினியின் மின்விசிறியை நானே மாட்டினேன், அது நன்றாகத்தான் ஓடுகிறது. அவள் என்னை முந்திவிடுவாள் என்று தெரியும். எங்கே தொட்டால் நிற்பாள் என்றும் தெரியும். தொட்டேன்.

நீங்கள் சொன்னபடி அவளிடமும் சொல்லிவிட்டேன். கத்துவாள் என்று நினைத்து, கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டுதான் சொன்னேன். அவள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப என் கை நல்லாத்தான் இருக்கா?"

"இருக்கு."

"முன்னாடியே சொல்லித் தொலைக்கறதுக்கு என்ன? நாளைக்கு மறுபடி ஓட்டலாம். கேப்டன் அக்காகிட்ட நானே பேசிக்கறேன். என் மெஷின் பக்கம் வந்த, காலை ஒடச்சிடுவேன்."

என் அறைக்குள் வந்து பெட்டியோடு ஸ்டீயரிங்கைத் தூக்கிக்கொண்டு போனாள். 'அதிகபட்சம்' என்ற கட்டத்தில் அவளே நூறு என்று போட்டுக்கொண்டாள். அவள் அறை வாசற்படியைத் தாண்டாமல் நின்று பார்த்தேன். சரியாகத்தான் போட்டாள்.

பிறகு என் அறைக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, என் கணினியில் தொண்ணூற்றொன்பது என்று மாற்றிவைத்தேன். இதைப் பிராயச்சித்தம் என்று நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். நானும் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன். நாளைக்குத் தோற்ற பிறகு மெஷின் திக்கியது என்று நான் சொன்னால், அதில் பொய் எதுவும் இருக்காது.