ஷப்தாயின் மகன் எழுந்து வரட்டும்

ராத்திரி ரெண்டு, ரெண்டரை இருக்கும். குவாரிக் குடிசைகளிலிருந்து சஃபேத் ஊருக்கு ஏறும் மலைப்பாதை. ஒரு பக்கம் பள்ளம், ஒரு பக்கம் கல்லறைகள். மழை அப்போதுதான் விட்டிருந்தது... அந்தப் பாதையில் அரிக்கேன் விளக்கோடு ஒருத்தன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தான்.

அவன் பெயர் ஷப்தாய். நம்மோடு கல் உடைக்கிறானே ரஹமீம், அவனுடைய அக்கா புருஷன். அந்தக் கதவை ஒருக்களித்துச் சாத்து பாருக், காற்று வருகிறது. பயமா? இன்னும் ஒன்றுமே ஆகவில்லையே.

குடிசையில் அவன் பெண்டாட்டி மஸால் முந்தின நாள் காலையிலிருந்து வலியில் கிடந்தாள். பிள்ளை இறங்கவில்லை. இதற்கு முன்னால் பெற்ற ரெண்டும் மண்ணுக்குள் போய்விட்டன. மருத்துவச்சி சிம்ஹா முழங்கை வரைக்கும் ரத்தத்தோடு வெளியே வந்து கத்தினாள்.

"என்னடா மரம் மாதிரி நிக்கிற? ஓடு! ஜெபக்கூடத்துக்குப் போய்ப் பேழைக் கதவத் தொற. அது தொறந்தாத்தான் இவளுக்கும் தொறக்கும்."

அது நம் வழக்கம்தானே. பிரசவம் இழுத்தால் புருஷன் போய், தோரா வேதச் சுருள் இருக்கிற பேழையைத் திறந்து வைத்து நிற்க வேண்டும். கிளம்புமுன் ஷப்தாய் குனிந்து மஸாலின் காதில் வாயை ஒட்டி வைத்து, "பையனா இருந்தா அசரியா" என்றான். எட்டாம் நாள் விருத்தசேதனத்துக்கு முன்னால் பெயரை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. ஆனாலும் அவளை இந்தப் பக்கம் இழுத்துப் பிடிக்க அவனிடம் வேறு கயிறு இல்லை.

ஜெபக்கூடத்துச் சாவி அதைப் பார்த்துக்கொள்கிற யெகுத்தியேல் கிழவரிடம் இருந்தது. அவருக்குக் காய்ச்சல். ஜன்னலைத் திறந்து தலையை மட்டும் நீட்டினார்.

"பொண்டாட்டி கத்துனாத்தான் ஆண்டவன் வீடு எங்க இருக்குன்னு உங்களுக்கெல்லாம் ஞாபகம் வரும்... இந்தா. டேய், மூணு தட்டு தட்டிட்டு அப்புறம் தொற. மறந்துராத."

"தெரியும் மாமா."

தெரியும்தான். இருட்டில் அந்தக் கூடத்தில் உட்கார்ந்து ஜெபிப்பது யார் என்று நம்மில் யாருக்குத் தெரியாது? தட்டினால் எழுந்து போய்விடுவார்கள். அது அவர்களுக்கு நாம் கொடுக்கும் மரியாதை.

ஷப்தாய் கதவு முன்னால் நின்று கையை ஓங்கினான். அந்த நேரம் பார்த்துக் கீழேயிருந்து ஓர் அலறல்... மஸாலின் குரலா, நரியா, தெரியவில்லை. ஓங்கிய கை கீழே இறங்கிச் சாவியைத் திருகிவிட்டது.

உள்ளே வெளிச்சம் இருந்தது. ஆட்களும் இருந்தார்கள். கூடம் நிறையத் தலையோடு சால்வை போர்த்திய ஆண்கள், முதுகைக் காட்டிக்கொண்டு முன்னும் பின்னுமாக ஆடி ஆடி முணுமுணுத்தார்கள். சலித்த மணலைக் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். பேழைக் கதவு ஏற்கனவே திறந்திருந்தது.

ஷப்தாய்க்கு முதலில் வந்தது பயம் இல்லை, நிம்மதி. மஸாலுக்காக யாரோ நமக்கு முன்னாலேயே வந்து திறந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தான். மூச்சு வாங்கக் கடைசி வரிசையில் போய் நின்றான். அப்போதுதான் வாசனை உறைத்தது. விளக்கெண்ணெய் வாசனை இல்லை... தோண்டிப் போட்ட ஈரமண்.

பக்கத்தில் நின்றவரின் சால்வையைப் பார்த்தான். மூன்று மூலையில் நூல் தொங்கல் இருந்தது. நாலாவது மூலையில் அறுத்திருந்தது.

அவருக்கு அடுத்தவருக்கும் அப்படியே. முன் வரிசைக்கும் அப்படியே.

யாருடைய சால்வையில் தொங்கலை அறுப்போம்? குழியில் இறக்குகிறவனுடையதில்தான்.

ஷப்தாயின் கால் நகரவில்லை. முணுமுணுப்பு திடீரென்று நின்றது. நடு மேடையில், விரித்த தோராவுக்கு முன்னால் நின்ற ஒருவர் முகத்தைத் திருப்பாமல், வேதம் வாசிக்க ஆளைக் கூப்பிடுகிற வழக்கப்படி கூப்பிட்டார்.

"ஷப்தாயின் மகன் அசரியா... எழுந்து வரட்டும்."

அந்தப் பெயரை அவன் மஸாலின் காதுக்குள் மட்டும்தான் சொல்லியிருந்தான்.

ஒருத்தரும் அசையவில்லை. எல்லோரும் காத்திருந்தார்கள். ரெண்டாம் தடவையும் கூப்பிட்டார். அப்போது அவனுக்குப் பின்னால், திறந்து கிடந்த கதவுப் பக்கம், ஒரு சத்தம். ஈரக் கை கல்தரையில் பதிகிற சத்தம். சின்னக் கை. தப்... கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை... தப்... தப்... தவழ்ந்து வருகிற மாதிரி.

அது அவன் காலருகே வந்துவிட்டது. அவன் குனிந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நானும் இதைச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன்.

"இதோ வர்றேன்!" என்று கத்தினான் ஷப்தாய்.

சத்தம் நின்றது. அவன் வரிசைகளுக்கு நடுவே நடந்தான். யாரும் அவன் மேல் படவில்லை, ஆனால் ரெண்டு பக்கமும் குளிர் உரசியது. மேடையில் ஏறினான்.

"நீ அவன் இல்லையே" என்றார் கூப்பிட்டவர்.

"நான் அவன் அப்பன். அவனுக்கு இன்னும் நடக்க வராது... நான் வந்துட்டேன்ல, அது போதும்."

அவர் சுருளுக்கு முன்னால் அவனுக்கு இடம் விட்டு ஒதுங்கினார். பிறகு, "சரி. இந்தத் தடவை."

ஷப்தாய் சட்டைக் கையால் சுருளைத் தொட்டு முத்தமிட்டான். அதில் எழுத்து இருந்ததா என்று பார்க்கவில்லை, கண்ணை இறுக்க மூடிக்கொண்டான். வாழ்த்து ஜெபத்தைச் சொன்னான். எல்லோருமாக "ஆமென்" என்றார்கள். அவன் கையில் இருந்த விளக்கு அணைந்தது. அவர்களுக்கு முதுகைக் காட்டாமல், பின்பக்கமாகவே அடி எடுத்து வைத்து, வாசற்படி குதிகாலில் இடிக்கிற வரைக்கும் வந்தான். அப்புறம் ஓடினான்.

குடிசையில் பிள்ளை அழுதுகொண்டிருந்தது. பையன்.

"நீலம் பாஞ்சு வந்துச்சுடா" என்றாள் சிம்ஹா. "மூச்சே இல்ல. போச்சுன்னு துணியப் போட்டு மூடிட்டேன். அப்புறம் பாத்தா துணிக்குள்ள கத்துது." பிள்ளையின் கையை விரித்துத் துடைத்தவள் நிறுத்தினாள். "இப்பப் பொறந்த புள்ள... உள்ளங்கையில எங்கேர்ந்துடா மண்ணு?"

எட்டாம் நாள் எல்லோர் முன்னாலும் ஷப்தாய் வைத்த பெயர் ஹாயிம். உயிர் என்று அர்த்தம். மஸால் ராத்திரி அவனைப் பிடித்துக்கொண்டாள். "என் காதுல சொன்ன பேரு எங்க போச்சு? அந்தப் பேரப் பிடிச்சுக்கிட்டுத்தான் நான் பெத்தேன்." அவன் அவள் வாயைப் பொத்தினான்.

அடுத்த குளிர்காலம், அதே ராத்திரி. தொட்டிலில் தூங்கின பிள்ளை எழுந்து உட்கார்ந்து மலைப் பக்கம் பார்த்தது. கூப்பிடுகிற சத்தம் ஷப்தாய்க்கும் கேட்டது, காதோரத்தில் சொல்கிற மாதிரி. பிள்ளை வாயைத் திறப்பதற்குள் இவன் முந்திக்கொண்டான். "இதோ வர்றேன்." விளக்கை எடுத்துக்கொண்டு ஏறினான். விடியுமுன் திரும்பினான்.

அதன்பிறகு வருஷா வருஷம் அப்படித்தான். சங்கீதம் வாசிக்கப் போகிறேன் என்பான் மஸாலிடம். கூப்பிடாமல் பதில் சொல்லக் கூடாது, அது நாமே வரவழைக்கிற மாதிரி. கூப்பிட்டபின் தாமதிக்கவும் கூடாது. அந்த இடைவெளியில்தான் அந்தப் பையன் வளர்ந்தான். மீசை முளைத்தது. நம் குவாரியிலேயே வேலைக்கும் வந்தான்.

போன கோடையில் வெடி வைக்கும்போது ஒரு வேட்டு முந்திக்கொண்டது இல்லையா... அது ஷப்தாய் வைத்தது. உடம்பில் ஒரு கீறல் இல்லை. காது ரெண்டும் போய்விட்டது. இப்போது முகத்துக்கு நேரே நின்று கத்தினாலும் உதட்டைத்தான் பார்ப்பான்.

இந்த வருஷம் அந்த ராத்திரி போன செவ்வாய்க்கிழமை வந்தது.

சாயங்காலமே ஷப்தாய் குடிசைக் கதவுக்குக் குறுக்கே கட்டிலை இழுத்துப் போட்டான். பையனைத் தன் பக்கத்தில் படுக்க வைத்தான். "என்னப்பா இது, நான் என்ன சின்னப் புள்ளையா?" என்று ஹாயிம் சிரித்தான். ஷப்தாய்க்குச் சிரிப்பும் கேட்கவில்லை, பல்லைத்தான் பார்த்தான். மகன் தூங்கினபின் அவன் நெஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, விளக்கைத் தூண்டிவிட்டு, முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான்.

நெஞ்சு ஏறியது, இறங்கியது. ஏறியது, இறங்கியது. அவன் கண்ணைக் கசக்கக்கூட இல்லை.

விடியப் போகிற நேரம்... கைக்கு அடியில் அது நின்றது. பிறகு, யாருக்கோ பதில் சொல்லப் போகிறவன் மூச்சை இழுக்கிற மாதிரி, நெஞ்சு விரிந்து மேலே வந்தது. கண்கள் மூடியே இருந்தன. உதடு மட்டும் அசைந்தது.

"என்னடா சொன்ன?" என்று ஷப்தாய் அவனைப் பிடித்து உலுக்கினான். "என்னடா சொன்ன?"