அண்ணிக்கு ஃபிரிட்ஜ் விழுந்த கதை

தலைய ஆட்டாதீங்கக்கா, முடிக்குப் பூசுன டை கழுத்துல வழியுது... என்ன சொல்லிட்டிருந்தேன்? ஆங், எங்க அண்ணி! ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஒரு செவுருதான். என்னப் பாத்தா மூஞ்சத் திருப்பிக்கறா. அவ திரும்புனா எங்கண்ணனும் திரும்பிக்கறாரு! எனக்குன்னு இருக்கற ஒரே அண்ணன்க்கா. வயிறு எரியுது.

விஷயம் என்ன? "குலுக்கல்ல உங்களுக்கு ஃபிரிட்ஜ் விழுந்திருக்கு மேடம்"னு ஒருத்தன் ஃபோன் பண்ணிருக்கான். வரி கட்டுனாத்தான் வண்டியில ஏத்துவானாம். கட்டுனா. அப்புறம் வண்டி வாடகைன்னான்... அதையும் கட்டுனா! கம்மலக் கழட்டி அடகு வெச்சுக் கட்டுனா மகராசி! ஏங்க்கா, சும்மா குடுக்கறவன் எதுக்குக் காசு கேக்கறான்? கேக்க வேணாமா? என்கிட்ட மட்டும் வாய் காது வரைக்கும் நீளும். கடைசியில ஓடிபியையும் சொல்லிட்டா. பேங்க்ல இருந்ததத் தொடச்சு எடுத்துட்டான். சமையக்கட்டுல ஃபிரிட்ஜுக்குன்னு இடம் ஒழிச்சா பாருங்க, அங்க இப்ப தொடப்பம் நிக்குது!

முன்னப் பின்னத் தெரியாதவன் பேசுனா, யார்கிட்டயாவது ஒரு வார்த்த விசாரிக்க வேணாமா?

என்னக்கா... விசாரிக்கலயாவா? விசாரிச்சா, இல்லேங்கல. என்கிட்டதான் வந்து விசாரிச்சா...

இல்லக்கா, அது நம்ம பார்லர் குலுக்கல். சட்டைய இஸ்திரி போட்டு ஜம்முனு ஒருத்தன் வந்தான். "உங்க கடைக்கு விளம்பரம், ஃபிரிட்ஜ் எங்க செலவு"ன்னு ஒரு பெட்டி வெச்சான். வர்றவங்க பேரு, ஃபோன் நம்பர், பொறந்த தேதி எழுதிப் போடணும், அவ்வளவுதான். சும்மா வர்றத வேணாம்பனா? மாசக் கடைசியில பெட்டியத் தூக்கிட்டுப் போனான்... போனவன் போனவன்தான்.

அண்ணி வந்து "நெசந்தானா?"ங்கறா. கடை மானத்த விட்டுக்குடுக்க முடியுமா? "நெசந்தான் அண்ணி, சீக்கிரம் கட்டுங்க, வேற யாருக்காவது குடுத்துடப் போறான்"னேன். நல்லதுக்குத்தானேக்கா சொன்னேன்! அதுக்குப் போயி...

அக்கா, ஏன் எழுந்திரிக்கறீங்க? இன்னும் அலசவே இல்ல... நீங்களும் சீட்டு போட்டீங்களா? ஃபோன் வந்துச்சா? ஐயய்யோ... கட்டிட்டீங்களா!

அக்கா! டை ஒழுகற தலையோட தெருவுல எங்க ஓடறீங்க... ஸ்டேஷனுக்கா? அக்கா, அக்கா... என் கடைப் பேர மட்டும் சொல்லிடாதீங்கக்கா!